டாக்டரும்கூட

“டாக்டரே மேடை ஏறிட்டாங்க. இனிமே அழகிப் போட்டியைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக்கூடாது.”

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நிச்சயதார்த்த விருந்தில், வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி உறவுக்காரர் ஒருவர் சொன்ன தீர்ப்பு இது. பந்தியில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ரசம் வந்தது, பேச்சு மாறியது. எனக்கு மட்டும் ‘டாக்டரே’ என்ற அந்த ஏகாரம் தொண்டையில் இறங்கவில்லை.

அந்த ஏகாரத்துக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. “அழகு ராணி மட்டுமில்லீங்க, டாக்டரும்கூட” என்று வாழ்த்துச் செய்திகளில் வரும் உம்மை. இலக்கண வாத்தியார் இதை எச்சவும்மை என்பார்: சொல்லாமல் விட்ட ஒன்றைத் தழுவி நிற்பது. இங்கே சொல்லாமல் விட்டது என்ன? ‘வெறும் அழகு ராணியாக மட்டும் இருந்திருந்தால் நாங்கள் வேறு மாதிரி பேசியிருப்போம்’ என்பது. பாராட்டுக்குள் மிரட்டல் ஒன்று பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த உம்மைக்கு வயது அறுபதை ஒட்டி வந்துவிட்டது. 1966-இல் லண்டனில் உலக அழகியான முதல் இந்தியப் பெண் ரீட்டா ஃபாரியா, பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரி மாணவி. ஓராண்டுக் கடமை முடிந்ததும் மாடலிங் போதும் என்று படிப்புக்குத் திரும்பி, பின்னாளில் டப்ளினில் குடியேறினார். 2017-இல் பட்டம் வென்ற ஹரியானாவின் மானுஷி சில்லரும் மருத்துவ மாணவிதான். அவர் சினிமாவுக்குப் போனார். 2019-இல் இங்கிலாந்து அழகியான பாஷா முகர்ஜி, மகுடம் சூடிய கையோடு அந்நாட்டின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் இளநிலை மருத்துவராகச் சேர்ந்தார். 2020-இல் கோவிட் பரவியபோது தொண்டுப் பயணத்தை விட்டுவிட்டு வார்டுக்குத் திரும்பினார். நம் மலேசியாவின் சார்பில் 2021-ஆம் ஆண்டு உலக அழகிப் போட்டிக்குப் போனவர் டாக்டர் லாவண்யா சிவாஜி. தொற்றால் தள்ளிப்போன அந்தப் போட்டியின் இறுதிச் சுற்று 2022 மார்ச்சில் போர்ட்டோ ரிக்கோவில் நடந்தது. ஆளுக்கொரு வழியில் போனவர்கள் இவர்கள். ஆனால் விருந்துப் பந்தியில் இவர்கள் எல்லாரும் ஒரே வாதத்துக்குத்தான் சாட்சியாக அழைக்கப்படுகிறார்கள்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவர்கள் உடம்பு, அவர்கள் ஓய்வு நாள். அதில் நமக்கு வேலையில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தக் கடைக்குப் போனாலும் வெள்ளையாக்கும் கிரீம் ஓர் அடுக்கு நிறைய இருக்கிறது. அந்த ஊரிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் நாட்டின் பெயரைப் பட்டையில் எழுதிக்கொண்டு நிற்பது சின்ன விஷயம் இல்லை. முன்னாள் அழகு ராணி டெபோரா ஹென்றி போல, கிடைத்த புகழை அகதிக் குழந்தைகளின் பள்ளிக்குத் திருப்பிவிட்டவர்களும் இருக்கிறார்கள். மேடையில் நிற்பதற்கே துணிச்சல் வேண்டிய இடங்களும் உண்டு. 2023-இல் எரிக்கா ராபின் பாகிஸ்தானின் பிரபஞ்ச அழகியாகத் தேர்வானபோது அந்நாட்டு அரசு விசாரணைக்கே உத்தரவிட்டது. இங்கே 1997-இல் சிலாங்கூரில் அழகிப் போட்டியில் கலந்துகொண்ட மூன்று முஸ்லிம் பெண்களைச் சமய அதிகாரிகள் கைது செய்தார்கள். 2013-இல் நால்வர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அந்த அதிகாரிகளோடு ஒரே வரிசையில் நிற்க எனக்கு விருப்பமில்லை. பெண் மேடை ஏறினால் ஊர் கெட்டுவிடும் என்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

என் ஆட்சேபம் ஒன்றே ஒன்று. இருபது வருடமாக அதைத்தான் சொல்லி வருகிறேன். வெள்ளைக் கோட்டு இந்தப் போட்டியை உயர்த்தவில்லை. யார் மேடை ஏறலாம், யார் ஏறினால் வாய்க்கு வந்ததைப் பேசலாம் என்று நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் அளவுகோலுக்கு அது முத்திரை குத்துகிறது.

போட்டியின் பக்கத்திலிருந்து பாருங்கள். உலக அழகிப் போட்டியை எரிக் மோர்லி 1951-இல் லண்டனில் தொடங்கியபோது அது பச்சையாக நீச்சலுடைப் போட்டி. 1970-இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பெண் விடுதலைக்காரர்கள் மாவுப் பொட்டலங்களை வீசி நிகழ்ச்சியை இடையில் நிறுத்தினார்கள். இரண்டே வருடத்தில், 1972-இல், ‘நோக்கத்தோடு கூடிய அழகு’ என்ற தொண்டுத் திட்டம் வந்தது. 2015-இல் நீச்சலுடைச் சுற்றையும் எடுத்துவிட்டார்கள். பழி வரும்போதெல்லாம் தராசின் தட்டில் புதுத் துணி விரித்தார்களே தவிர, தராசை மாற்றவில்லை. உயரமும் இடுப்பும் பல்வரிசையும் பார்த்துப் பெண்களை வரிசைப்படுத்தும் வேலை அப்படியேதான் நடக்கிறது. விரிப்புகளிலேயே வெளுப்பானது இந்த வெள்ளைக் கோட்டு.

போட்டி நடத்துபவர்கள் கெட்டிக்காரர்கள், துணி விரிக்கிறார்கள். அதைப் பார்த்து நாம் ஏன் இப்படி உருகுகிறோம்? ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டில் தொடங்கிய சமூகம் இது. நமக்கு ஸ்டெதாஸ்கோப் வெறும் கருவி இல்லை. பத்துமலையில் நேர்ந்துகொண்டது, வீட்டை அடகு வைத்தது, ரஷ்யாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் பிள்ளையைப் படிக்க அனுப்பியது எல்லாம் அதில் தொங்குகிறது. பிள்ளை டாக்டரானால் அப்பன் பெயரே மாறிவிடும். ‘டாக்டரோட அப்பா’ என்பார்கள். இதை நான் கேலி செய்யவில்லை. என் வீட்டிலும் நடந்ததுதான். ஆனால் நம்மிடம் உண்மையான மகுடம் அது ஒன்றுதான். அதைத் தலையில் வைத்திருப்பவள் வேறு எந்த மகுடத்தையும் பயமில்லாமல் வைத்துக்கொள்ளலாம். மற்றவள் வைத்தால் ‘யார் பெத்த பிள்ளையோ’ என்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் கிள்ளானில் ஒரு திருமண மண்டபத்தில் தீபாவளிக் கலைவிழா. அதில் ஓர் அழகு ராணிப் போட்டி. இந்த மாதிரிப் போட்டிகளின் முகம் எல்லாருக்கும் தெரியும்: நகைக்கடை உபயத்தில் மகுடம், மேடையின் பின்சுவரில் ஆதரவாளர்களின் படம், மைக் பிடித்தவர் பாதி தமிழிலும் பாதி மலாயிலும் பேசுவார். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் அட்டையில் எழுதியிருந்ததை அறிவிப்பாளர் வாசித்தார். மூன்றாமவர் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று வந்ததும் மண்டபம் எழுந்துகொண்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, அதுவரை ‘துணியைப் பாரு, கஷ்டம்’ என்று முணுமுணுத்தவர், கைதட்டி ஓய்ந்துவிட்டு, “பாரு, எவ்வளவு தைரியம்!” என்றார். துணி என்னவோ அதே வாடகைக் கடைத் துணிதான். அடுத்து வந்த பெண்ணின் அட்டையில் ‘தனியார் நிறுவன ஊழியர்’ என்று இருந்தது. கைதட்டல் இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு விசில் வந்தது.

அதே உடை, அதே நடை. ஒருத்திக்குத் ‘தைரியம்’, இன்னொருத்திக்கு விசில். இதைத்தான் நம்மவர்கள் பெண் முன்னேற்றம் என்கிறார்கள். டாக்டர் மேடை ஏறியதால் மேடையைப் பற்றிய கண்ணோட்டம் மாறிவிட்டது என்ற வாதம் உண்மையானால், மூன்றாம் பெண்ணுக்குக் கிடைத்த மரியாதையில் கொஞ்சமாவது நான்காம் பெண்ணுக்கும் ஒட்டியிருக்க வேண்டும். நிமிடம்கூட ஆகவில்லை, ஒட்டவில்லை. பட்டம் இருப்பவளுக்கு மன்னிப்பு, இல்லாதவளுக்குப் பழைய தண்டனை. சொல்லப்போனால் தண்டனை கூடிவிட்டது. ‘அவங்க டாக்டர், பொழுதுபோக்குக்கு வர்றாங்க; உனக்கென்ன கேடு?’ என்று கேட்பதற்கு இப்போது ஓர் ஒப்பீடும் கிடைத்துவிட்டது.

“முன்மாதிரி வேண்டாமா?” என்று கேட்பார்கள். ‘இரண்டையும் சமாளிக்கிறார்’ என்ற பாராட்டு அதைச் சேர்ந்ததுதான். இந்தச் சமாளிப்பு என்ன என்று வார்டில் போய்க் கேளுங்கள். பயிற்சி மருத்துவருக்கு இரண்டு வருடம்; ஆறு துறை, துறைக்கு நான்கு மாதம். 2016 கடைசியிலிருந்து அரசாங்க வேலையும் ஒப்பந்தம்தான்; நிரந்தரம் என்பது லாட்டரி. 2021 ஜூலை 26-ஆம் தேதி, தொற்று உச்சத்தில் இருந்தபோது, ‘ஹர்த்தால் டாக்டர் கொன்ட்ராக்’ என்று ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்புச் சட்டையோடு மருத்துவமனைகளிலிருந்து வெளிநடப்புச் செய்தார்கள். கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரி வாசலிலும் நின்றார்கள். அன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி என்ன தெரியுமா? “நம்ம பிள்ளைங்களை அங்கே போக வேண்டாம்னு சொல்லுங்க, பேர் கெட்டுடும்.” ஒரு டாக்டர் மகுடம் சூடிய செய்தி வந்தபோது அதே குழுவில் பூங்கொத்துப் படங்களாகக் குவிந்தன. டாக்டர்கள் கூட்டமாக நின்று தங்கள் வேலையைப் பற்றிப் பேசினால் பெயர் கெடும். ஒரு டாக்டர் தனியாக நின்று சிரித்தால் பெருமை. நமக்கு வேண்டியது கோட்டின் வெள்ளை மட்டும்தான். அதை ராத்திரி முழுக்கப் போட்டிருப்பவளின் தூக்கத்தைப் பற்றி நமக்குக் கவலையில்லை.

பாஷா முகர்ஜியின் கதையிலும் இதே கோணல் இருக்கிறது. 2020 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மருத்துவர்களும் தாதிகளும் வேலைக்குப் போனார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது மகுடத்தைக் கழற்றிவிட்டுப் போன ஒருவர். அது அவருடைய குற்றம் இல்லை. அவர் செய்தது சரியான காரியம். ஆனால் ஒரு டாக்டர் டாக்டர் வேலைக்குப் போவதைத் தியாகமாகக் காட்ட ஒரு மகுடம் தேவைப்பட்டது என்றால், மருத்துவத்துக்குப் போட்டி என்ன கொடுத்தது? எடுத்துக்கொண்டதைத்தான் நான் பார்க்கிறேன்.

உறவுக்காரரிடம் அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை; பந்தியில் சண்டை போடுவது மரியாதை இல்லை. இப்போது சொல்கிறேன். அழகிப் போட்டி நல்லது என்று நீங்கள் உண்மையிலேயே நம்பினால், டாக்டரைச் சாட்சிக்குக் கூப்பிடாமல் வாதாடுங்கள். கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவில் புடவைக் கடையில் நிற்கும் பெண்ணை வைத்து வாதாடுங்கள். அவள் ஏறினால் உங்கள் வாய் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அவளுக்கும் கைதட்டுவீர்கள் என்றால் நான் தோற்றதாக எழுதித் தருகிறேன். டாக்டர் இல்லாமல் வாதம் நிற்கவில்லை என்றால், நீங்கள் கொண்டாடுவது பட்டத்தை. போட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்தக் கிள்ளான் மண்டபத்தில் விழா முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வாசல் தாழ்வாரத்தில் கிராப் வண்டிக்குக் காத்திருந்த கும்பலில் நான்காம் பெண்ணும் நின்றிருந்தாள், வாடகை உடையைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு. நன்றாக நடந்தாயம்மா என்று சொல்லிவிட்டு எந்த நிறுவனத்தில் வேலை என்று கேட்டேன்.

“கையுறை ஃபேக்டரிங்க. குவாலிட்டியில. கையுறைக்குள்ள ஒரு லிட்டர் தண்ணி ஊத்தி, தொங்கவிட்டு, ரெண்டு நிமிஷம் பார்ப்போம். கணக்குக்கு மேல ஒழுகினா அந்த லாட்டையே நிறுத்தணும்.”

“அதை அட்டையில எழுதியிருக்கலாமே?”

“நான் எழுதித்தாங்க குடுத்தேன். நல்லா இருக்காதுன்னு அவங்கதான் மாத்திட்டாங்க.”