மேசைமேல் ஒரு ஷண்டிங் யார்டு: ஒரு மதிப்பீடு

பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிகளில் பொம்மை இரயில் வைத்த மேசைக்கு எப்போதும் கூட்டம் உண்டு. நீள்வட்டப் பாதையில் வண்டி சுற்றிச் சுற்றி வரும். வழியில் ஒரு குகை, ஒரு பாலம், ஒரு சிவப்பு விளக்கு. அருகில் நிற்கும் மாணவர் மனப்பாடம் செய்த நான்கு வாக்கியங்களை ஒப்பிப்பார். இரண்டு சுற்றுகள் பார்த்ததும் கூட்டம் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடும். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பள்ளியில் படித்த வாசகர்களுக்கு இக்காட்சி புதிதாக இராது.

இதற்கு மாற்றாக அமெரிக்க மாதிரி இரயில் ஆர்வலர்களிடையே வேறொரு வகை மேசை நெடுங்காலமாகப் புகழ்பெற்று விளங்குகிறது. அதில் வண்டி எங்கும் பயணம் போவதில்லை. ஒரு எஞ்சின், சில சரக்கு வாகன்கள், சில கிளைப் பாதைகள், அவ்வளவே. வாகன்களைக் கழற்றி, தள்ளி, இழுத்து, குறிப்பிட்ட வரிசையில் நிறுத்துவதே வேலை. நாம் ஷண்டிங் என்று சொல்வதை அமெரிக்கர் ‘ஸ்விட்சிங்’ என்பர். ஒரு பெஞ்சுப் பலகையின் அளவுக்குள் அடங்கும் இம்மாதிரி, நம் மாணவர்கள் செய்து காட்டத் தக்கதுதானா? இதில் விஞ்ஞானம் எவ்வளவு, விளையாட்டு எவ்வளவு? சற்று நிதானமாக எடைபோட்டுப் பார்ப்போம்.

இரண்டு புகழ்பெற்ற அமைப்புகள்

இத்துறையில் முதலில் சொல்லவேண்டிய பெயர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜான் ஆலன். அவர் வகுத்த ‘டைம்சேவர்’ என்னும் அமைப்பு 1972 நவம்பரில் ‘மாடல் ரெயில்ரோடர்’ மாத இதழில் வெளிவந்தது. ஐந்து பாயிண்டுகள், எஞ்சின் வாகன்களைச் சுற்றிவந்து மறுபுறம் சேர்வதற்கு ஓர் இணைப்பாதை, சில குட்டையான முட்டுப் பாதைகள் ஆகியவை அதன் உறுப்புகள். ஒவ்வொரு பாதையும் இத்தனை வாகன்களுக்குத்தான் இடம் என்று அளந்து வெட்டப்பட்டது. இருவர் ஒரே மாதிரியான இரண்டு மேசைகளில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு போட்டியிடுவது வழக்கம். ஆலன் 1973 ஜனவரியில் காலமானார். அடுத்த சில நாட்களில் ஏற்பட்ட தீவிபத்தில் அவர் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கிய பெரிய மாதிரி இரயில் உலகமும் அழிந்தது. சிறிய டைம்சேவரோ இன்றும் உலகெங்கும் செய்யப்படுகிறது.

இரண்டாவது, இங்கிலாந்தின் ஆலன் ரைட் வகுத்த ‘இங்கிள்நுக் சைடிங்ஸ்’. இது இன்னும் எளியது. இரண்டே பாயிண்டுகள், மூன்று முட்டுப் பாதைகள். ஒன்றில் ஐந்து வாகன்களும், மற்ற இரண்டில் மும்மூன்று வாகன்களும் நிற்கலாம். எஞ்சின் நிற்கும் இழுப்புப் பாதையில் எஞ்சினோடு மூன்று வாகன்களுக்கு மட்டுமே இடம். மொத்தம் எட்டு வாகன்கள். அவற்றில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே ஐந்து வாகன் பாதையில் நிறுத்தவேண்டும். வடிவம் ஆங்கிலேயருடையதாயினும் அமெரிக்க வாகன்களைக் கொண்டும் இதே அமைப்பைப் பலர் கட்டுகின்றனர்.

கணிதமாகப் பார்த்தால்

இங்கிள்நுக்கின் சிறப்பை ஒரு பெருக்கல் காட்டிவிடும். முதல் வாகனை எட்டு வழிகளிலும், அடுத்ததை ஏழு வழிகளிலும், பிறகு ஆறு, ஐந்து, நான்கு வழிகளிலும் தேர்ந்தெடுக்கலாம். 8 × 7 × 6 × 5 × 4 = 6720. பதினோரு வாகன்களுக்கு மட்டும் இடமுள்ள ஒரு சிறு பலகையில் 6720 வெவ்வேறு வினாக்கள்! ஒவ்வொன்றுக்கும் விடை உண்டு என்பது இன்னும் பெரிய சிறப்பு. எண் கட்டைகளை நகர்த்தும் பதினைந்து கட்டைப் புதிரில் பாதி வரிசைகளை எந்நாளும் அடைய முடியாது. இங்கு அந்தத் தொல்லை இல்லை.

இதைப் புரிந்துகொள்ளப் பொம்மை இரயிலே வேண்டாம். சிவகாசியும் சாத்தூரும் அருகிலிருக்க, நமக்குத் தீப்பெட்டிக்கா பஞ்சம்? இரண்டு தீப்பெட்டிகளில் 1, 2 என எண்ணிடுங்கள். தாளில் அ, ஆ என்ற இரு கிளைப் பாதைகள் வரைந்து, அவை சேருமிடத்திலிருந்து ஓர் இழுப்புப் பாதையும் வரையுங்கள். அ பாதையில் வாயிலுக்கு அருகே 1, அதற்கு அப்பால் 2. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எஞ்சின் அ-வில் நுழைந்து இரண்டையும் இழுத்து வரட்டும். ஆ-வில் நுழைந்து 2-ஐ விட்டு வரட்டும். அ-வில் நுழைந்து 1-ஐ விடட்டும். ஆ-வில் நுழைந்து 2-ஐ எடுக்கட்டும். மீண்டும் அ-வில் நுழைந்து 2-ஐ விடட்டும். இப்போது வாயிலருகே 2, அப்பால் 1. ஐந்து நுழைவுகள். நான்கில் முடியுமா என்று முயன்று பாருங்கள். முடியாது என்பதையும், ஏன் முடியாது என்பதையும் கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் ஒரு நிரூபணம் செய்துவிட்டீர்கள்!

கடைசியாக உள்ளே போனது முதலில் வெளியே வரும் என்பதே முட்டுப் பாதையின் குணம். கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் ‘ஸ்டாக்’ எனப்படும் அடுக்குக்கும் இதே குணம்தான். டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா கணிதக் கோவைகளைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றி அடுக்க வகுத்த முறைக்கு ஷண்டிங் யார்டின் பெயரே வழங்குகிறது. அமெரிக்கரான டொனால்ட் நூத், 1968-இல் வெளியான தம் நூலின் முதல் தொகுதியில், அடுக்கை விளக்க இரயில் பாதைப் படத்தையே பயன்படுத்தினார். 1, 2, 3 என்று வரும் மூன்று வாகன்களை ஒரே ஒரு முட்டுப் பாதையின் உதவியால் ஆறு வரிசைகளில் ஐந்தாக மாற்றி வெளியேற்றலாம். ஆறாவதான 3, 1, 2 மட்டும் வராது. இவ்வளவு செய்திகளை ஒரு சாண் அகலப் பலகையில் காட்ட இயலுமானால், கணிதப் பாடத்தில் இம்மாதிரிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

பௌதிகமாகப் பார்த்தால்

இங்குதான் நம் மதிப்பீடு மாறுகிறது. பெரும்பாலான அமெரிக்க மாதிரிகள் எச்.ஓ. அளவில் செய்யப்படுகின்றன. அதாவது நீளங்கள் யாவும் 87-இல் ஒரு பங்கு. 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள அமெரிக்கப் பாதை 16.5 மில்லிமீட்டர் ஆகிறது. நீளம் 87 மடங்கு குறையும்போது, கனஅளவும் அதனோடு எடையும் 87-இன் மூன்றாம் படியளவு, அதாவது ஆறரை லட்சம் மடங்குக்கும் மேல் குறைகின்றன. 80 டன் எடையுள்ள வாகன் சுமார் 120 கிராம் ஆகிவிடும்.

இதன் விளைவைக் கணக்கிடுவோம். நம் இரயில்வேயின் பொதுவிதிப்படி, தனி அனுமதி இல்லாவிடில் ஷண்டிங் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. அவ்வேகத்தில் ஒரு வாகனைத் தள்ளிவிட்டுப் பிரேக் போடாமல் விட்டால் எவ்வளவு தூரம் ஓடும்? உருளும் தடை எடையில் ஐநூற்றில் ஒரு பங்கு என்று கொண்டால், சமதளத்தில் ஏறக்குறைய 440 மீட்டர் ஓடும்! மாதிரி வாகனை அளவுக்கேற்ற வேகத்தில், அதாவது நொடிக்கு 4.8 சென்டிமீட்டரில் தள்ளுங்கள். சிறு சக்கரங்களில் உராய்வு ஒப்பளவில் அதிகம். தடை ஐம்பதில் ஒரு பங்கு என்று கொண்டால், அது ஓடும் தூரம் வெறும் 6 மில்லிமீட்டர். 87 மடங்காக்கினாலும் அரை மீட்டர்தான்.

உண்மையில் 440 மீட்டர், மாதிரியில் அரை மீட்டர். இரயில் யார்டில் மிக முக்கியமான பௌதிக உண்மை நிலைமம். மாதிரி அதையே மறைத்துவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரோட்டத்தைக் கண்டவர்களுக்கு நிலைமத்தைச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆயிரக்கணக்கானோர் இழுத்து நகர்த்திய தேரை, வடத்தை விட்டுவிட்டால் மட்டும் நிறுத்திவிட முடியாது. சக்கரத்தின்கீழ் முட்டுக்கட்டை போடுபவரின் கையில்தான் தேரின் கட்டுப்பாடு இருக்கிறது. அந்த வேலையில் எவ்வளவு ஆபத்து என்பதும் நமக்குத் தெரியும். நம் அகலப் பாதை நிலையங்களில் பாதையின் சரிவு 400-க்கு 1 என்பதைவிடச் செங்குத்தாக இருக்கலாகாது; 1200-க்கு 1 என்பதே விரும்பத்தக்கது என்று விதித்திருப்பதும் நின்ற வாகன் தானே உருண்டு ஓடாமல் இருக்கவே. அதே 400-க்கு 1 சரிவில் மேசைமேல் உள்ள மாதிரி வாகன் அசையவே அசையாது.

கடிகாரம் செய்யும் தீங்கு

இவ்விடத்தில்தான் டைம்சேவர்மீது எனக்குள்ள முக்கியமான ஆட்சேபம் எழுகிறது. அது நேரத்தை வைத்து மதிப்பெண் தருகிறது. வேகமாக முடிப்பவர் வென்றவர். போட்டியிடும் சிறுவர்கள் எஞ்சினை நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் விரட்டுவார்கள். அளவுக்கேற்றபடி பார்த்தால் அது மணிக்கு சுமார் 157 கிலோமீட்டர்! வாகன்கள் படார் படாரென மோதும், கூட்டம் கைதட்டும்.

ஷண்டிங்கின் உண்மை வரலாறு கைதட்டத் தக்கதன்று. அமெரிக்காவில் ஒருகாலத்தில் வளையமும் ஆணியும் கொண்ட இணைப்புகள் இருந்தன. இரு வாகன்களுக்கிடையே நின்று கையால் ஆணியைச் செருகிய தொழிலாளர் பலர் விரல்களை இழந்தனர், உயிரையும் இழந்தனர். எலை ஜானி என்பவர் மோதியவுடன் தானே பூட்டிக்கொள்ளும் இணைப்புக்கு 1873-இல் காப்புரிமை பெற்றார். எனினும் அத்தகைய இணைப்பு கட்டாயம் என்று சட்டம் இயற்ற அந்நாடு 1893 வரை காத்திருந்தது. மாதிரி வாகன்களின் முனையில் நாம் காணும், மடக்கிய விரல்களைப் போன்ற சிறு கொக்கி அந்தச் சட்டத்தின் நினைவுச் சின்னம் எனலாம். நம் நாட்டிலும் திருகு இணைப்பு உள்ள பெட்டிகளைப் பூட்ட, பாயிண்ட்ஸ்மேன் இரு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து செல்லத்தான் வேண்டும். அவசரத்தைத் திறமையென்று போற்றும் ஒரு மாதிரி, அந்த மனிதரை நம் மாணவர்களின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. உண்மையான யார்டை வகுக்கும் பொறியாளர், வேலை எளிதாக நடக்கவேண்டும் என்றே பாதைகளை இடுவார். டைம்சேவரோ வேலையைக் கடினமாக்குவதற்கென்றே வகுக்கப்பட்டது. புதிர் என்ற அளவில் இது குற்றமன்று. ஆனால் ‘இரயில்வே இப்படித்தான் இயங்குகிறது’ என்று எழுதி அதன்முன் அட்டை வைத்தால் அது பொய்யாகிவிடும்.

நம் ஊருக்கு ஏற்றபடி

ஆகவே இம்மாதிரியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. சில மாற்றங்களோடு ஏற்கலாம் என்பதே என் கருத்து. முதலாவதாக, இங்கிள்நுக் அமைப்பையே தேர்ந்தெடுங்கள். இரண்டாவதாக, கடிகாரத்தை அகற்றிவிட்டு நுழைவுகளை எண்ணுங்கள். எஞ்சினைத் தொடுமுன் பார்வையாளர் தம் திட்டத்தைத் தாளில் எழுதித் தரவேண்டும் என்று விதி வையுங்கள். குறைந்த நுழைவுகளில் முடித்தவருக்கே வெற்றி. மூன்றாவதாக, வேகத்துக்கு வரம்பு வையுங்கள். எச்.ஓ. அளவில் ஒரு மீட்டரைக் கடக்க எஞ்சின் 21 நொடிக்குக் குறையாமல் எடுக்கவேண்டும். மீறினால் ஒரு நுழைவு அபராதம்.

நான்காவதாக, அமெரிக்கக் கிராமத்தைக் கட்டாதீர்கள். விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசி செல்லும் பாதை 1927-இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டது; இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. நம் சரக்கு இரயில்களும் தனித்தனி வாகன்களை விட்டு, முழு வண்டியாக ஏற்றி இறக்கும் முறைக்குப் பெரும்பாலும் மாறிவிட்டன. ஒற்றை வாகனைப் பிரித்து நிறுத்தும் ஷண்டிங்கை இன்றைய மாணவர் பார்ப்பது அரிது. ஆகவே மறைந்துபோன அந்த மீட்டர் கேஜ் யார்டையே மாதிரியாக்கலாமே! 1000 மில்லிமீட்டர் பாதையை 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் காட்டினால் அளவு ஏறக்குறைய 60-இல் ஒரு பங்கு. ஆறு மீட்டர் வாகன் பத்து சென்டிமீட்டர் ஆகும். அளவு மாறுவதால் வேக வரம்பும் மாறும். புதிய வரம்பை நீங்களே கணக்கிடுங்கள். பின்னணியில் சஞ்சீவி மலையை வரையுங்கள். வாகன்களில் பஞ்சுப் பொதிகளை ஏற்றுங்கள். மில்லில் வேலை செய்த தாத்தாக்களும் இரயில்வேயில் வேலை செய்த மாமாக்களும் உங்கள் மேசையருகே நின்று, புத்தகத்தில் இல்லாததைச் சொல்லிப் போவார்கள். அதைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. வெளிநாட்டு எஞ்சினும் தண்டவாளமும் வாங்கப் பணமில்லையே என்று எந்தப் பள்ளியும் பின்வாங்கவேண்டாம். எட்டுத் தீப்பெட்டிகளும் ஒரு வெள்ளைத்தாளும் அந்த 6720 வினாக்களையும் எழுப்பப் போதும். விலையுயர்ந்த மேசையில் ஆசிரியர் மட்டும் எஞ்சினைத் தொடுவார். தீப்பெட்டி மேசையில் வருகிற ஒவ்வொரு குழந்தையும் தொடும். 440 மீட்டருக்கும் அரை மீட்டருக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி, இரண்டு மேசைக்கும் மேலே மாட்டிவிடுங்கள். தன்னால் காட்ட இயலாததையும் வெளிப்படையாகச் சொல்லும் மாதிரியே விஞ்ஞான மாதிரி.