லூயிஸ் இயற்றிய சங்கீதச் சிந்தனைகள்

எபிரேய மறையின்கண் உள்ள சங்கீதங்கள் 150. யூதரும் கிறித்தவரும் தத்தம் வழிபாட்டில் நாடோறும் ஓதிவரும் பாடல்கள் இவை. இவற்றின்மேல் எழுந்த உரைகள் மிகப் பல. பண்டை நாளில் அகுஸ்தீன் பேருரை கண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் போதகர் ஸ்பர்ஜன் ஏழு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். இவற்றோடு ஒப்பநோக்கின், சி. எஸ். லூயிஸ் (1898–1963) என்பார் 1958 இல் வெளியிட்ட சங்கீதச் சிந்தனை நூல் மிகச் சிறிது. பன்னிரண்டே இயல்கள் உடையது. எனினும், பிறர் தொடாது கடந்த முட்டுப்பாடுகளை அது எடுத்து ஆராய்தலின் ஈண்டு ஆராயத்தக்கதாயிற்று.

லூயிஸ் கேம்பிரிட்ஜில் இடைக்கால ஆங்கில இலக்கியப் பேராசிரியராயிருந்தவர். எபிரேயம் கற்றவர் அல்லர். அதனை நூன்முகத்திலேயே ஒளியாது உரைத்துவிடுகின்றார். ஆசான் மாணாக்கனுக்கு உரைப்பதுபோல் அன்றி, ஒருசாலை மாணாக்கர் இருவர் தம்முள் ஐயம் வினாவித் தெளிவதுபோல் எழுதுவதே தம் கருத்தென்கின்றார். பெரும்பான்மையும் அவர் கைக்கொண்டது கவர்டேல் என்பாரின் பதினாறாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பே. மூலமொழி அறியாதான் உரைகாணப் புகுதல் தகுமோவெனின், உரையென்று அவர் சொல்லவில்லை. சிந்தனை என்றே சொன்னார். அவ்வளவில் நின்றவிடமெல்லாம் நூல் சிறந்தே நிற்கின்றது.

எபிரேயப் பாட்டில் ஓரடியிற் சொன்ன பொருளை அடுத்த அடி வேறு சொல்லாற் சொல்லும். இது மொழிபெயர்ப்பிலும் கெடாது நிற்பது பெரும்பேறு என்று லூயிஸ் மகிழ்கின்றார். தமிழ் நூலார்க்கு இது புதிதன்று. கூறியது கூறல் என்னும் குற்றத்தின்பாற் படாது, பொருட்பின்வருநிலை என்னும் அணியின்பாற் படுவதாகும். 119 ஆம் சங்கீதம் எபிரேய எழுத்து இருபத்திரண்டனையும் முறையே முதலாகக் கொண்டு, எழுத்தொன்றுக்கு எட்டாக 176 அடிகளால் நடப்பது. இதனை உணர்ச்சியின்றிச் செய்த செயற்கைப்பாட்டு என்று இகழ்வார் உளர். ஒருவன் தன் அன்புக்குரிய பொருளை ஓய்ந்திருந்து நூலிழையால் அணிசெய்ததுபோன்றது என லூயிஸ் விடை கூறுகின்றார். வருக்கக் கோவை கற்றார்க்கு இவ்விடை உடன்பாடே.

நூலின் உயிர்நிலை மூன்றாம் இயல். சாபம் பொதிந்த பாடல்களை அது ஆராய்கின்றது. 109 ஆம் சங்கீதம், பகைவன் மனைவி கைம்பெண்ணாகவும் மக்கள் இரந்து திரியவும் வேண்டுகின்றது. ஆட்டு மேய்ப்பனை உவமையாகக் கொண்டு அமைதி பொழியும் 23 ஆம் சங்கீதத்திலும், விருந்து பகைவர் காண இடப்படுகின்றது. வழிபாட்டிற்கென உரை எழுதுவோர் இவ்விடங்களை விட்டுச் செல்வர். அன்றேல், பகைவர் என்றது பாவங்களை என்று பொருள் திரிப்பர். லூயிஸ் இவ்விரு வழியும் மேற்கொள்ளாது, பகைமை பகைமையே என்கின்றார். மறைநூலில் உள்ளது கொண்டு அது நன்றாகிவிடாது என்பதும், அதனை இல்லையென்று மறைத்தலும் ஆகாது என்பதும் அவர் துணிபு. பின்னர், தீங்கு செய்தவன் பிறனுக்கு இழைத்த துன்பத்தோடு நில்லாது, அவன் நெஞ்சில் வெறுப்பையும் விதைத்துவிடுகின்றான் என்றும், அவ்வெறுப்பின் பழியிலும் அவனுக்குப் பங்குண்டு என்றும் காட்டுகின்றார். வட்டி வாங்குவோனும், கூலி குறைப்போனும், இல்லத்தில் இளையாரை ஒடுக்குவோனும் இவ்வியலைக் கற்பின், சாபமிடுவோன் பக்கத்தினின்றன்றிச் சாபம் பெறுவோன் பக்கத்தினின்று பாடலைக் கேட்க நேரும். அன்றாட வாழ்விற்கு இதனினும் பயன்படு பொருள் இந்நூலில் இல்லை.

இத்துணைத் தெளிவாக உரைத்தவர், இறுதியியலில் வழுவுகின்றார். 137 ஆம் சங்கீதம், கி.மு. ஆறாம் நூற்றாண்டில் எருசலேம் அழிவுற்றுப் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுசெல்லப்பட்டோர் பாடியது. அதன் இறுதி, பாபிலோனியர் குழவிகளைக் கல்லில் மோதுவோனை வாழ்த்துகின்றது. அக்குழவிகளை உள்ளத்தே முளைக்கும் சிறு தீயவிருப்பங்களாகக் கொண்டு, அவை வளருமுன் மோதி அழிக்க என்கின்றார் லூயிஸ். இது பழம்பொருள், பெனடிக்ட் முனிவர் தம் மடத்தார்க்கு வகுத்த ஒழுங்குநூலின் முன்னுரையிலும் தீய எண்ணத்தை இளமையிலேயே மோதி அழித்தல் கூறப்பட்டுள்ளது. பயன் கருதின் குற்றமில்லை. சொற்பொருள் வேறு, ஓதுவோன் தனக்கெனக் கொள்ளும் பொருள் வேறு என்று அவர் வரையறுத்துக்கொண்டதும் உண்மையே.

ஆயினும், பாவங்களைப் பகைவராக்கும் வழியை மூன்றாம் இயலில் மூடியவர், குழவிகளைப் பாவங்களாக்கும் வழியைப் பன்னிரண்டாம் இயலில் திறத்தல் யாங்ஙனம் பொருந்தும்? மேலும், உருவகப்பொருள் கொண்ட அளவிலே இருதிறத்தார் மறைகின்றனர்: நகரிழந்து ஆற்றங்கரையில் அழுதவரும், மோதப்படும் உயிருள்ள குழவிகளும். முன்னையோர் துயரும் பின்னையோர் குற்றமின்மையும் ஒருங்கே கற்பான் நெஞ்சை அறுத்தல் வேண்டும். அவ்வறுப்பினின்று அவனை எளிதில் விடுவிப்பது இவ்வுருவகம்.

இறப்பு, இயற்கை என்பன பற்றிய இயல்கள் நல்லன. 104 ஆம் சங்கீதத்தை எகிப்து வேந்தன் அக்கநாதனின் ஞாயிற்றுத் துதியோடு ஒப்பிடும் பகுதி சுவையுடையது. ஒன்பதாம் இயல் புகழ்ச்சி பற்றியது. தன்னைப் புகழுமாறு கடவுள் கேட்டல் தகுமோ என்ற தம் பழைய ஐயத்தை லூயிஸ் மறையாது எழுதுகின்றார். இனியதைக் கண்டான் பிறர்க்கு உரையாது அமையான். உரைத்தபின்னரே அவ்வின்பம் நிரம்பும். ஆகவே புகழ்ச்சி கடவுட்குக் குறைதீர்க்கும் காணிக்கையன்று, அன்பன் இன்பத்தின் முடிவே என்பது அவர் விடை. நுட்பமான விடைதான். ஆனால் அது இன்பம் உடையானுக்கே விடையாகும். 88 ஆம் சங்கீதத்தைப் பாடியவன் இரவும் பகலும் கூவுகின்றான், மறுமொழி பெறுகின்றிலன், அப்பாடலின் எபிரேய மூலம் இருள் என்னும் சொல்லோடு முடிகின்றது. நோயிலும் இழவிலும் சங்கீதநூலைக் கையிலெடுப்போர் பலரும் அவன் நிலையினர். அவர்க்கு இவ்வியலில் இடமில்லை, அப்பாடலில் உண்டு.