முன்வரிசையில் ஸ்டோன்ஸ்

வயதான ராக் குழுக்களின் கச்சேரி பற்றி எழுதுகிறவர்கள் ஒரு டெம்ப்ளேட் வைத்திருக்கிறார்கள். 'இந்த வயசுலயும் என்னா எனர்ஜி!' என்று ஆரம்பிப்பார்கள். பாடகர் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தனை தடவை ஓடினார் என்று கணக்குச் சொல்வார்கள். அவருடைய இடுப்பு சைஸை வியப்பார்கள். வயசு என்பது வெறும் நம்பர்தான் என்று முடித்து விடுவார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் பற்றிப் பல வருஷங்களாக இதையேதான் எழுதுகிறார்கள். 2019-ல் மிக் ஜாகர் இதய வால்வுக்கு சிகிச்சை செய்துகொண்டு மூன்று மாதத்துக்குள் மேடைக்குத் திரும்பியபோது கேட்கவே வேண்டாம். ஜிம் மாஸ்டரைப் பாராட்டுகிற மாதிரி பாராட்டித் தள்ளினார்கள். நடுவில் கொஞ்சம் பாட்டும் வாசித்தார்கள் என்ற தகவல் கடைசிப் பாராவில் வந்தால் அதிர்ஷ்டம்.

எனக்கு இதில் கோபம் உண்டு. ஏனென்றால் ஸ்டோன்ஸை ஒரே ஒரு முறை, மிகப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். 2003 ஏப்ரல் 4, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். இந்தியாவில் அவர்கள் வாசித்த முதல் கச்சேரி. (மூன்று நாள் கழித்து பம்பாய் பிரபோர்ன் ஸ்டேடியத்தில் இரண்டாவது.) சார்ஸ் பீதியில் சீனாவுக்குப் போகிற திட்டத்தை அவர்கள் கைவிட்டிருந்த சமயம். நல்ல மழை வேறு. முண்டியடித்து முன்னால் போய் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ராக் கச்சேரியில் முன்வரிசை என்றால் நாற்காலி கிடையாது. தடுப்புதான் முன்வரிசை. பின்னாலிருந்து வருகிற அழுத்தத்தை விலா எலும்பால் வாங்கிக்கொள்ளத் தயார் என்றால் அந்த இடம் உங்களுடையது.

அந்த இடம் பற்றி ஒரு ரகசியம் சொல்கிறேன். சத்தம் கேட்பதற்கு ரொம்ப மோசமான இடம் அது. பெரிய ஸ்பீக்கர்களை மேடைக்கு இரண்டு பக்கமும் உயரத்தில் கட்டித் தொங்க விட்டிருப்பார்கள். அவை குறி வைப்பது மைதானத்தின் நடுவையும் பின்பக்கத்தையும். சவுண்ட் இன்ஜினீயர் கூட்டத்துக்கு நடுவே ஒரு பரண் போட்டு மிக்ஸரோடு உட்கார்ந்திருப்பார். அவர் காதுக்குச் சரியாக இருக்கிற கலவைதான் எல்லோருக்கும் போகும். அது முன்வரிசைக்காரனின் தலைக்கு மேலே பறந்துவிடும். அவனுக்குக் கிடைப்பது கிடார் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேராக வருகிற சத்தம், டிரம்ஸின் பச்சையான தோல் சத்தம், மேடை விளிம்பில் வைத்த குட்டி ஸ்பீக்கர்களிலிருந்து கொஞ்சம் குரல். சமைத்த சாப்பாடு பின்வரிசைக்குப் போய்விடும். முன்வரிசைக்கு அரிசி, பருப்பு, புளி எல்லாம் தனித்தனியாக வந்து சேரும்.

வேறு குழு என்றால் இது நஷ்டம். ஸ்டோன்ஸ் விஷயத்தில் கொள்ளை லாபம். அந்தக் குழுவின் சூட்சுமமே வாத்தியங்கள் தனித்தனியாகக் கேட்டால்தான் பிடிபடும்.

பொதுவாக ராக் இசையில் டிரம்ஸ்தான் கடிகாரம். அது டிக் டிக் என்று ஓட, மற்றவர்கள் அதோடு ஓடுவார்கள். ஸ்டோன்ஸில் அப்படி இல்லை. கிடார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ்தான் கடிகாரம். டிரம்மர் சார்லி வாட்ஸ் அவரைக் கேட்டுத்தான் தட்டுவார். நம் ஊரில் மிருதங்கக்காரர் பாடகரின் வாயைப் பார்த்து வாசிப்பதைப் போல. முப்பது வருஷம் இவர்களோடு பாஸ் கிடார் வாசித்த பில் வைமன் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். கேட்டுவிட்டு அடிப்பதால் ஒரு துளி தாமதம். இமைப்பொழுதில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ரெகார்டில் அது ஒரு சுகமான தள்ளாட்டமாகக் கேட்கும், ஏன் என்று தெரியாது. தடுப்போரம் நின்றபோது தெரிந்தது. ஒரு பக்கம் கீத்தின் ஆம்ப்ளிஃபயர். இன்னொரு பக்கம் சார்லியின் ஸ்னேர். இரண்டுக்கும் நடுவே, சிகரெட் பேப்பர் நுழைகிற அளவு, ஒரு இடைவெளி. பாட்டு முழுக்க அந்த இடைவெளி மூடவில்லை, அகலவும் இல்லை.

சார்லிக்கு அன்றைக்கு 61 வயது. பளபளப்பான வெளிச்சத்துக்கு நடுவே பாங்க் மேனேஜர் மாதிரி முகம். அத்தனை பெரிய மேடையில் ஜாஸ்காரர்கள் வைத்துக்கொள்கிற மாதிரி சின்ன டிரம் செட். 1950-களின் கிரெட்ச். வலது கையைக் கவனியுங்கள் என்று யாரோ எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். இடது கை ஸ்னேரில் விழும்போது, ஹை-ஹாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வலது கை ஒரு கணம் வெறுமனே மேலே எழும்பி ஒதுங்கிக்கொள்கிறது. மற்ற டிரம்மர்கள் இரண்டையும் சேர்த்தே அடிப்பார்கள். இவர் ஒன்றுக்கு வழிவிட்டு இன்னொன்றை அடிக்கிறார். அதனால் அந்த ஒற்றை அடிக்கு அவ்வளவு காற்றும் வெளிச்சமும். மைதானத்தின் பின்பக்கம் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. ராட்சதத் திரையில் மிக் ஜாகரின் உதடு ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

கீத் பற்றியும் சொல்ல வேண்டும். விரல் முட்டிகள் வீங்கி, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. 'ஸ்டார்ட் மீ அப்', 'பிரவுன் ஷுகர்', 'ஹாங்கி டாங்க் வுமன்' மாதிரியான பாட்டுகளுக்கு அவர் பிடிக்கிற கிடாரில் ஐந்து கம்பிதான். ஆறாவதை, அதாவது அடிக் கம்பியை, கழற்றி விடுகிறார். மீதி ஐந்தையும் பேஞ்ஜோ மாதிரி 'ஜி' சுருதிக்குத் திருப்பிக் கட்டிக்கொள்கிறார். ஒற்றை விரலைப் படுக்கப் போட்டால் முழு கார்டு கிடைத்துவிடும். பாக்கி விரல்கள் சும்மா இருப்பதால் அவற்றால் விளையாடலாம். பின்னணியில் ஒரு கம்பி தம்பூரா மாதிரி ஒலித்துக்கொண்டே இருக்கும். வாத்தியத்தில் குறைத்ததால் கூடிய இசை. கிடாரில் விரல் வேகம்தான் வித்தை என்று நம்புகிறவர்களுக்கு இது எரிச்சலைத் தரும். அன்று என் பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பையன், 'என்ன சார் இவரு வாசிக்கவே மாட்டேங்கறாரு?' என்றான். நிஜம்தான். பாதி நேரம் வாசிக்காமல்தான் நின்றார். எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிந்த கிடார்காரர்கள் கொஞ்சம் பேர்.

மிக் ஜாகர்? முன்வரிசைக்கு அவரிடமிருந்து கிடைப்பது தாடையும் வியர்வையும்தான். அவர் கண் நம் தலைக்கு மேலே, கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. நாம் ஏற்கெனவே வாங்கப்பட்டவர்கள் என்று அவருக்குத் தெரியும்.

இந்த முன்வரிசைக் கண்ணுக்காக இவர்கள் செய்த காரியங்களில் ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. குழு ஆரம்பித்த நாட்களிலிருந்தே கூட இருந்தவர் பியானோ வாசித்த இயான் ஸ்டூவர்ட். 1963-ல் மானேஜராக வந்த ஆண்ட்ரூ ஓல்டம், இவர் முகவெட்டு சரியில்லை, ஆறு பேர் என்பதும் அதிகம் என்று சொல்லி, போட்டோவிலிருந்து எடுத்துவிட்டார். மற்ற ஐந்து பேரும் சரி என்றார்கள். ஸ்டூவர்ட் கோபித்துக்கொண்டு போகவில்லை. 1985-ல் சாகும் வரை அவர்களுக்கு வேன் ஓட்டினார், சாமான் தூக்கினார், முன்வரிசைக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்து பியானோ வாசித்தார். அதே பியானோ ஸ்டூலில் பிறகு உட்கார்ந்த சக் லெவல் ஒவ்வொரு பாட்டுக்கும் குறிப்பு வைத்துக்கொண்டு, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று சைகை காட்டுகிறார். (மனிதர் ஜார்ஜியாவில் மரப்பண்ணை வைத்திருக்கிறார். மற்றவர்களைவிட உருப்படியான தொழில்.) ஸ்டோன்ஸ் விளிம்பில் தள்ளாடுகிறார்கள், விழுவதில்லை என்றால் இப்படி ஓரத்தில் ஒருவர் வலை பிடித்துக்கொண்டிருப்பதால்தான்.

முன்வரிசை எப்போதுமே இத்தனை சாதுவாக இருந்ததில்லை. 1969 டிசம்பர் 6, கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட் கார்ப்பந்தய மைதானம். இலவசக் கச்சேரி, சுமார் மூன்று லட்சம் பேர். வேறு இடத்தில் குன்றின் மேல் போடுவதற்காகச் செய்த மேடையைக் கடைசி நிமிஷத்தில் இங்கே கொண்டுவந்து சரிவின் அடியில் போட்டார்கள். இடுப்பளவு உயரம். காவலுக்கு நின்றது ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கும்பல். கையில் பில்லியர்ட்ஸ் கழி. மேடைக்கு முன்னால், பாட்டு நடுவே, மெரடித் ஹன்டர் என்ற பதினெட்டு வயது கறுப்பின இளைஞர் துப்பாக்கியை எடுக்க, ஏஞ்சல்ஸ் கும்பலைச் சேர்ந்தவர் குத்திக் கொன்றார். அதைப் படம் பிடித்தவர்கள் மேஸல்ஸ் சகோதரர்கள். 'கிம்மி ஷெல்டர்' என்று 1970-ல் வந்த அந்தப் படத்தில், எடிட்டிங் மேஜையில் அந்தக் காட்சியை ஜாகர் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். முகத்தில் ஒன்றும் இல்லை. ராக் இசை பற்றி எடுத்த படங்களில் எனக்கு இதைவிடப் பெரியது தெரியாது.

அந்த சகோதரர்களில் ஆல்பர்ட் மேஸல்ஸ் 2006-ல் மறுபடி ஸ்டோன்ஸ் மேடைக்கருகே கேமராவோடு நின்றார். இந்தத் தடவை மார்ட்டின் ஸ்கார்சேஸியின் 'ஷைன் எ லைட்' படத்துக்காக. இடம், நியூயார்க்கின் பீக்கன் தியேட்டர். மூவாயிரம் பேர்கூடக் கொள்ளாத பழைய அரங்கம். முதல் நாள் கச்சேரி முன்னாள் அதிபர் பில் கிளிண்டனின் அறக்கட்டளைக்காக. அவர் மாமியாரை ஸ்டோன்ஸ் வரவேற்கிற காட்சி படத்திலேயே இருக்கிறது. முன்வரிசையில் எல்லாம் இளசுகள், அழகான பெண்கள், தூக்கிப் பிடித்த கைகள். ஆல்டமான்ட்டிலிருந்து பீக்கனுக்கு முப்பத்தேழு வருஷம். மூன்று லட்சம் பேர் நெரிந்த மைதானம் போய், மாமியாரோடு வந்து உட்காரும் இடம் ஆகிவிட்டது. யாரும் சாகவில்லை என்பது நல்ல விஷயம்தான். ஆனாலும் மனசு கொஞ்சம் சப்பென்று ஆகிறது.

படமாகப் பார்த்தால் 'ஷைன் எ லைட்' சொகுசான முன்வரிசை. ஹாலிவுட்டின் பெரிய ஒளிப்பதிவாளர்கள் ஒரு டஜன் பேர் நமக்காக எட்டிப் பார்க்கிறார்கள். திரையில் யார் முகம் வருகிறதோ அவர் வாத்தியத்தின் சத்தம் லேசாக உயர்த்தப்படுகிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் காது எங்கே போக வேண்டும் என்று இன்னொருவர் விரல் பிடித்துக் காட்டுகிறார். பெங்களூரில் நானாகக் கண்டுபிடித்த அந்த சிகரெட் பேப்பர் இடைவெளி இங்கே மெழுகிப் பூசப்பட்டிருக்கிறது. படத்தில் எனக்கு நிஜமாகப் பட்டது இரண்டு இடம். பட்டி கை வந்து ஒரு ப்ளூஸ் பாட்டில் ஜாகரை ஓரங்கட்டுகிறார், கடைசியில் கீத் தன் கிடாரையே கழற்றி அவரிடம் கொடுத்துவிடுகிறார். இன்னொன்று, ஆரம்பத்தில் ஒரு வேகமான பாட்டு முடிந்ததும், சார்லி கேமராவைப் பார்த்து கன்னத்தை உப்பி ஒரு பெருமூச்சு விடுகிறார். 'என்னா எனர்ஜி' கோஷ்டிக்கு அவர் சொன்ன பதில் அதுதான். வேலை, சார். கஷ்டமான வேலை.

ஸ்டோன்ஸ் மேல் புகாரே கிடையாதா என்றால், நிறைய உண்டு. டிக்கெட் விலை அநியாயம். பாட்டுப் பட்டியல் பத்து வருஷத்துக்கு ஒருமுறைகூட மனசு வைத்து மாறுவதில்லை. 2024 அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு ஸ்பான்சர், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஏஏஆர்பி சங்கம். இதைக் கற்பனை செய்து எழுதியிருந்தால் எடிட்டர் ரொம்ப ஓவர் என்று வெட்டியிருப்பார்.

சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்ட் 24-ம் தேதி இறந்தார். வயது 80. அடுத்த மாதமே செயின்ட் லூயிஸில் கச்சேரி. விளக்கை அணைத்துவிட்டு, திரையில் அவர் படங்கள், வெறும் டிரம்ஸ் சத்தம். பிறகு ஸ்டீவ் ஜோர்டன் வந்து உட்கார்ந்தார். பிரமாதமான டிரம்மர். 1988-லேயே கீத்தின் தனிக் குழுவில் வாசித்தவர், சார்லியே நம்பியவர். குழு இப்போது முன்பைவிட இறுக்கமாக, ஒழுங்காக வாசிக்கிறது. எனக்கு அங்கேதான் தகராறு. ஜோர்டன் ஒரு நல்ல கடிகாரம். கீத் இப்போது ஒரு கடிகாரத்தோடு வாசிக்கிறார். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

நம்பிக்கை இல்லையென்றால் 2023-ல் வந்த 'ஹாக்னி டயமண்ட்ஸ்' ஆல்பத்தைப் போட்டுக் கேளுங்கள். அதில் இரண்டு பாட்டுக்கு மட்டும் டிரம்ஸ் சார்லி, சாவதற்கு முன்னால் ரெகார்ட் செய்து வைத்தது. எந்த இரண்டு என்று கவரைப் பார்க்காமல் சொல்ல முடிகிறதா பாருங்கள். என் வீட்டில் இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள். அதில் ஒருவருக்கு ராக் என்றாலே தலைவலி.