கேக் அலங்காரச் சாமான்கள்: நெல்லை வெயிலுக்கு எது தாங்கும்?

ஆன்லைனில் ‘கேக் டெக்கரேஷன் செட்’ என்று தேடினால், நூறு சாமான் அடங்கிய பெட்டி ஆயிரம் ரூபாய் வாக்கில் வந்து நிற்கும். அதில் நாசில் மட்டுமே நாற்பதுக்கு மேல் இருக்கும். வீட்டில் பிறந்தநாள் கேக் போடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். பாளையங்கோட்டையில் ஏ.சி. இல்லாத சமையலறையில் இந்தச் சாமான்களைப் புழங்கிப் பார்த்ததில் ஒன்று தெளிவாகிறது. கிரீம் எவ்வளவு நேரம் சில்லென்று நிற்கிறதோ அவ்வளவு நேரம்தான் கேக் அழகு. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 38 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. ஆகவே குளிர்ச்சியைக் காக்கும் சாமானுக்கு முதலில் காசு, கண்ணைப் பறிக்கும் சாமானுக்குக் கடைசியில் காசு. அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

விப்பிங் கிரீம்

அமுல் ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம். அடித்தால் பூ பிழியும் அளவுக்குக் கெட்டியாகாது. பாலில் எடுத்த விப்பிங் கிரீம் ருசியானது, ஆனால் நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் இளகிவிடும். இங்கே கைகொடுப்பது ரிச்ஸ், ட்ரோபோலைட் போன்ற நான்-டெய்ரி கிரீம்தான். 1945இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் ரிச் என்பவர் சோயாவிலிருந்து முதலில் செய்த வகை இது. உறையவைத்து, பிறகு இளக்கி அடித்தாலும் பொங்கி வருவதுதான் இதன் பலம். தாவரக் கொழுப்பு என்பதால் அட்டையில் டிரான்ஸ் கொழுப்பு அளவைப் பாருங்கள். 2022 முதல் இந்தியாவில் அதன் உச்சவரம்பு 2 சதவீதம்.

கிரீமை மட்டும் ஆன்லைனில் வாங்காதீர்கள். மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு, கூரியர் வண்டியில் இரண்டு நாள் ஊர் சுற்றினால் என்ன ஆகும்? உள்ளூரில் பேக்கரி சாமான் விற்கும் கடையில் கல் மாதிரி உறைந்த பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு முறை இளகியதைத் திரும்ப உறையவைத்தால் அடிக்கும்போது திரிதிரியாகப் பிரியும். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, உள்ளே கொஞ்சம் ஐஸ் துகள் மிச்சமிருக்கும்போது அடிப்பதே சரியான பக்குவம். மின் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை கரண்ட் நிறுத்தும் நாள் எது என்பதைப் பேப்பரில் பார்த்துவிட்டு ஆர்டரை ஒத்துக்கொள்ளுங்கள்.

பீட்டர்

மிக்ஸி வேண்டாம், பிளேடின் வேகத்திலும் சூட்டிலும் கிரீம் பிரிந்துவிடும். கையில் பிடிக்கும் பீட்டர்தான் இந்த வேலைக்கு. ஓர்பாட்டில் 150, 200 வாட் மாடல்கள் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கின்றன. அரைக் கிலோ, ஒரு கிலோ கேக்குக்கான கிரீமுக்கு இது போதும். பிலிப்ஸின் 300 வாட் பீட்டர் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. பட்டர் கிரீமும் அடிக்கடி செய்கிறவர்களுக்கு மட்டுமே அந்தக் கூடுதல் பணம் பலன் தரும். ஐந்நூறு ரூபாய்க்குப் பெயர் தெரியாத பீட்டர்களும் உண்டு. நான் புழங்கிய அப்படி ஒன்றில், முதல் வேகமே கிரீமைச் சுவரெல்லாம் தெறிக்க விட்டது. ஏழு வேகம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஒன்றுக்கும் ஏழுக்கும் பெரிய வித்தியாசமில்லை. எந்த பீட்டரையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாமல் ஓட்டாதீர்கள். எவர்சில்வர் கிண்ணத்தையும் கம்பிகளையும் அரைமணி நேரம் ஃபிரீசரில் வைத்துவிட்டு அடித்தால் விலை குறைந்த பீட்டரிலும் கிரீம் நன்றாக நிற்கும்.

எடை மெஷின்

எஸ்.எஃப். 400 என்ற பெயரில் விற்கும் வெள்ளை பிளாஸ்டிக் மெஷின் முந்நூறு ரூபாய் வாக்கில் கிடைக்கும். பத்துக் கிலோ வரை, ஒரு கிராம் துல்லியம். மாவு, சர்க்கரை, கிரீம் எல்லாவற்றுக்கும் நம்பலாம். பேக்கிங் பவுடர் போல நாலைந்து கிராம் போடுவதற்கு மட்டும் அளவுக் கரண்டியே மேல். செலவுக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு இந்த மெஷின்தான் முதலில் லாபம் காட்டும். கண்ணளவில் கிரீம் எடுக்கும் வரை ஒரு கேக்குக்கு எவ்வளவு ஆகிறது என்றே தெரியாது.

டர்ன்டேபிள், கத்தி, ஸ்கிரேப்பர்

28 செ.மீ. பிளாஸ்டிக் டர்ன்டேபிள் முந்நூறு ரூபாயைச் சுற்றிக் கிடைக்கும். ஒன்றிரண்டு கிலோ கேக்குக்குத் தாராளம். கடையில் சுற்றிவிட்டு, தட்டின் விளிம்பைக் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். விளிம்பு ஏறி இறங்கினால் வேண்டாம். அந்த ஆட்டம் கேக்கின் பக்கவாட்டில் அப்படியே விழும். அடியில் ஈரத்துணி விரித்தால் வழுக்காது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும் உலோக டர்ன்டேபிளை, அடுக்கு கேக் ஆர்டர் வரத் தொடங்கிய பிறகு யோசிக்கலாம்.

வளைந்த பேலட் நைஃப் கட்டாயம் வேண்டும். ஸ்கிரேப்பருக்கு எவர்சில்வர் ஸ்கேல் ஒன்றைப் புதிதாக வாங்கி, கேக்குக்கென்றே தனியாக வைத்துக்கொண்டாலும் பக்கவாட்டு வழவழவென்று வரும்.

நாசில், பைப்பிங் பேக்

நாற்பது நாசிலில் கை போவது ஐந்துக்குத்தான். ரோஜாச் சுழலுக்கு 1எம், ஒரே அழுத்தில் பூவுக்கு 2டி, இதழுக்கு 104, இலைக்கு 352, பெயர் எழுத 3. தனித்தனியாக வாங்குங்கள். உள்பக்கத்தில் ஒட்டுத் தையல் துருத்திக்கொண்டிருந்தால் இதழின் ஓரம் கிழிந்து வரும். செட்டோடு வரும் சின்ன கப்ளரில் 1எம், 2டி இரண்டும் பொருந்தாது என்பதை யாரும் சொல்வதில்லை. அவற்றை நேரே பேக்குக்குள் இறக்க வேண்டியதுதான். கழுவியதும் துடைத்து உலர்த்தாவிட்டால் மலிவான நாசில் துருப்பிடிக்கும்.

சிலிக்கான் பேக்கில் எண்ணெய்ப் பிசுக்கு லேசில் போகாது. தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பேக் கைக்கு வசதி. அதைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். உள்ளங்கைச் சூட்டிலேயே கிரீம் இளகும். பெயர் எழுத பட்டர் பேப்பர் கூம்பு போதும். பக்கத்தில் தூத்துக்குடியில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்து, முந்திரி சேர்த்து மக்ரூன் போடும் மாஸ்டர்களுக்கு, காகிதக் கூம்புதான் பைப்பிங் பேக்.

கலரும் மினுமினுப்பும்

தண்ணீர் போன்ற கலர் கிரீமை நீர்க்கவைக்கும். ஜெல் கலர் வாங்குங்கள். அடர் சிவப்பு வர வேண்டுமென்று கலரைக் கொட்டினால் கசக்கும். நடுத்தரமாகக் கலந்து ஃபிரிட்ஜில் வைத்தால் சற்று நேரத்தில் தானே கூடும். செயற்கை நிறங்களில் உணவுக்கு இந்தியாவில் அனுமதி எட்டுக்குத்தான். ரோடமின் பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்கே தடை போட்டது நினைவிருக்கும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இல்லாத கலர் டப்பாவைத் தொடாதீர்கள். மினுமினுப்புத் தூளில் ‘நான்-டாக்சிக்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது சாப்பிடுவதற்கானதல்ல. ‘எடிபிள்’ என்றும், சேர்மானப் பட்டியலும் இருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபாண்டன்ட் உருவங்களைத் தவிர்க்கலாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் காற்றின் ஈரம் படிந்து வியர்க்கும், கலர் வழியும்.

செட்டில் இல்லாத சாமான்

டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்குக் கேக் போக வேண்டுமானால் ஈரடுக்குப் பாலத்தையும், 1843இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தையும் சாயங்கால நெரிசலில் தாண்ட வேண்டும். அந்த நேரத்தில் கேக்கைக் காப்பாற்றுவது தெர்மாகோல் பெட்டியும், அதன் ஓரங்களில் வைக்கும் இரண்டு ஜெல் ஐஸ் பேக்கும்தான். நூறு சாமான் செட் எதிலும் இவை கிடையாது.

தீர்ப்பு

பீட்டர் 1,200, எடை மெஷின் 300, டர்ன்டேபிள் 300, கத்தியும் ஸ்கிரேப்பரும் 200, ஐந்து நாசில் 200, பைப்பிங் பேக் 150, நாலு ஜெல் கலர் 300, தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் பேக்கும் 250. மொத்தம் 2,900 ரூபாய். கடைக்குக் கடை கொஞ்சம் ஏறும், இறங்கும். கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் நூறு சாமான் செட்டை விட்டுவிட்டு, எடை மெஷின், டர்ன்டேபிள், கத்தி, 1எம் நாசில் ஆகியவற்றை வாங்குங்கள்; பீட்டரைத் தெரிந்தவர்களிடம் இரவல் கேளுங்கள். விற்பனைக்குச் செய்யத் தொடங்கும் நாளில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.