மலைச்சாலையும் சாய்வுக் கணக்கும்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறும் சாலை, கோட்டின் சாய்வைச் சொல்லிக்கொடுக்க வாகான உதாரணம். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் மலை சுவர்போல நிற்கிறது. ஆனாலும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிய ஜீப் மேலே போய்விடுகிறது. காரணம் கொண்டை ஊசி வளைவுகள்தான். ஏறவேண்டிய உயரம் குறையவில்லை, ஓடவேண்டிய தூரம் கூடியிருக்கிறது. உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் வரும் சாய்வு தணிந்துவிட்டது. நீலகிரி மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மிகச் செங்குத்தான இடங்களில் ஏறக்குறைய 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிறது. அந்தச் சாய்வுக்கே தண்டவாளத்தில் பல்சட்டம் தேவைப்பட்டது. இப்படித் தொடங்கும் மாணவருக்கு, சூத்திரத்தில் வகுத்தல் ஏன் வந்தது என்பது விளங்கிவிடும். வெறும் மனப்பாடத்தில் அது கிடைக்காது.

சிக்கல், மலையை விட்டு இறங்காமலே பாடத்தை முடிப்பதில் இருக்கிறது. கம்பத்திலிருந்து போனால் ஏற்றம், மெட்டிலிருந்து வந்தால் இறக்கம்; ஆகவே கோட்டின் சாய்வும் போகிற திசைக்கேற்பக் குறி மாறும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். (2, 3), (6, 11) என்ற புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையிலிருந்து 8-ஐ 4-ஆல் வகுக்கிறோம், மறுமுனையிலிருந்து −8-ஐ −4-ஆல். இரண்டுக்கும் விடை 2.

கோணம் இதைவிட ஆழமான கோளாறு. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பாடநூல் சாய்வைக் கோணத்தின் டேன் மதிப்பாகவே அறிமுகப்படுத்துகிறது. உயரம், தூரம் இரண்டும் மீட்டரில் இருக்கும் மலைக்கு அது சரி. ஏலக்காய் விலைக்கு? கிடை அச்சில் மாதம், செங்குத்து அச்சில் கிலோவுக்கு ரூபாய். ஒரு சென்டிமீட்டருக்கு 500 ரூபாய் என்று அளவுத்திட்டம் வைத்தால் கோடு செங்குத்தாக விழும். 2,000 என்று வைத்தால் படுத்துவிடும். கோணம் மாறினாலும் விலை மாறவில்லை. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் உச்சமாகக் கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், 2021-இல் சராசரியாக ஆயிரத்தை ஒட்டிக் கிடந்தது. தோராயமாக மாதத்துக்கு 250 ரூபாய் வீழ்ச்சி. கடன் வாங்கித் தோட்டம் வைத்தவருக்கு வேண்டியது இந்த எண்தான், 'மாதத்துக்கு ரூபாய்' என்ற அலகோடு. அந்த அலகை எழுதாத விடைக்கு முழு மதிப்பெண் போடும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை.

ஆசிரியர்கள் ஒரே விலைப்பட்டியலை இரு அளவுத்திட்டங்களில் வரையச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு வகுப்பு நேரம் போதும்.