கணக்குக்குப் பயந்தவளுக்கும் ஒரு லேப் கோட்டு

சான் பிரான்சிஸ்கோவில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது சிட்டி காலேஜின் பயோடெக் லேபைத்தான். அங்கே 'பிரிட்ஜ் டு பயோடெக்' என்ற படிப்பில் சேர்ந்தேன். பி.காம் முடித்து, கல்யாணமாகி, பிள்ளைகளை வளர்த்தவள் நான். அறிவியல் படித்திருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. படித்திருக்கத் தேவையே இல்லை!

"முதலில் கணக்கில் தேறு, பிறகு ஆங்கிலத்தில் தேறு, அப்புறம் லேபுக்கு வா" என்பதுதான் வழக்கமான வரிசை. அந்த வரிசையிலேயே களைத்துப் போய்ப் படிப்பை விட்டவர்கள் எத்தனை பேர்! இங்கே லேப், கணக்கு, மொழி மூன்றும் ஒரே செமஸ்டரில், ஒன்றுக்கொன்று துணையாக நடந்தன. 1 மோலார் கரைசலை 50 மில்லிமோலாராக்கி 100 மில்லி தயாரிக்க வேண்டும், மூலக்கரைசல் எவ்வளவு? 5 மில்லி. கணக்கு வகுப்பில் போட்ட அதே விடையை லேபில் என் கையாலேயே அளந்து ஊற்றினேன். பள்ளி நாளிலிருந்து கூடவே வந்த கணக்குப் பயம் அன்றோடு போனது.

மொழி வகுப்பில் லேப் நோட்டு எழுதப் பழக்கினார்கள். பேனாவில்தான் எழுத வேண்டும். பிழையை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். மருந்துத் தொழிற்சாலையில் இந்தப் பழக்கம் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

பாக்டீரியாவுக்குள் ஜெல்லிமீனின் ஜீனை ஏற்றிய நாளை என்னவென்று சொல்ல! 42 டிகிரி சூட்டில் 50 விநாடி, உடனே ஐஸில். மறுநாள் புறஊதா விளக்கில் அரபினோஸ் சர்க்கரை கலந்த தட்டு பச்சையாக ஜொலித்தது. சர்க்கரை இல்லாத தட்டில் அதே ஜீன் இருந்தும் ஒளி இல்லை. ஜீனுக்கும் சுவிட்ச் உண்டு என்பதைக் கண்ணால் பார்த்தோம். என் பக்கத்தில் நின்ற ஓட்டல் சமையல்காரர் கைதட்டினார். பேரன் பேத்தி எடுத்த சீனத்து அம்மா என்னைக் கட்டிக்கொண்டார்.

இப்படியொரு படிப்பு இங்கே இருப்பதில் வியப்பில்லை. 1976இல் ஜெனென்டெக் என்ற பயோடெக் நிறுவனம் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். 1998இல் நாடெங்கும் உள்ள பயோடெக் ஆசிரியர்களை இணைக்கும் பயோ-லிங்க் மையமும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் இதே கல்லூரியில் தொடங்கியது. ஊர்வாசிகளுக்கு 2017இல் கல்விக் கட்டணத்தையும் நீக்கினார்கள். எங்கள் சமையல்காரர் இன்று ஒரு நிறுவனத்தில் செல்களுக்கான ஊட்டக்கரைசல் தயாரிக்கிறார். எடையும் அளவும் அவருக்குப் பழகிய வேலைதானே!