மலைப்பட்டுக் குன்றும் ஆலைப் பெண்களும்

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள மலைப்பட்டுக் குன்றிலிருந்து, 2021-ஆம் ஆண்டில், கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு, கயிறு ஒன்றையே துணையாகப் பற்றி, 155 அடி உயரத்தை 58 விநாடிகளில் இறங்கிக் காட்டிய முத்தமிழ்செல்வி, விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். ஜப்பானிய மொழி போதிக்கும் ஆசிரியை. இரண்டு பெண் குழந்தைகளின் தாய். அவரே 2023 மே 23 அன்று எவரெஸ்டின் உச்சியை அடைந்து, அங்கே கால் பதித்த முதல் தமிழகப் பெண் என்னும் கீர்த்தியையும் பெற்றார். அக்கீர்த்தியில் நானும் மனமார மகிழ்கிறேன். ஆயினும், அக்குன்றின் வட்டாரத்திலேயே ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் இரவு பகலாக இயங்கும் ஆலைகளில் உழைக்கும் ஆயிரக்கணக்கான இளம்பெண்களுள் எத்தனை பேருக்கு அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்க்கும் சந்தர்ப்பமேனும் வாய்க்கும் என்னும் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை.

வலிமையும் துணிவும் அவர்களிடம் இல்லை என்பது வீண்பேச்சு. ஷிப்ட் முழுவதும் நின்றபடியே, நுண்ணிய பாகங்களை விரல் நடுங்காமல் பொருத்துகிறவளுடைய கைக்குப் பாறையின் விளிம்பைப் பற்றத் தெரியாதா? கல்குவாரியின் சரிவில் தலைச்சுமையோடு ஏறி இறங்கும் பெண்ணின் பாதத்துக்கு எந்தப் பயிற்றுநர் வந்து நிதானம் கற்பிக்க வேண்டும்? ஆலையின் உயர்ந்த சுவரில், இடுப்பில் வார் கட்டிக் கயிற்றில் தொங்கியபடி வர்ணம் பூசுகிறவர் செய்வது கூலி வேலை. ஞாயிற்றுக்கிழமையில் அதைப் போன்ற வாரைக் கட்டிக்கொண்டு உல்லாசமாகப் பாறையில் தொங்குகிறவர் செய்வது சாகசம். கால் ஒடிந்து மூன்று மாதம் படுத்திருந்தாலும் சம்பளம் வந்து சேரும் என்ற நிச்சயம் உடையவருக்குத்தான் அபாயத்தை விரும்பித் தேடும் சுதந்திரம் உண்டு; ஒப்பந்தத் தொழிலாளியாகிய பெண் அப்படிப் படுத்துவிட்டாலோ, ஊரில் அவள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தில் உலை ஏறாது.

வர்க்கம் இவ்வாறு வழிமறிப்பதற்கு வெகு காலம் முன்பே, வளர்ப்பு தன் வேலையை முடித்துவிடுகிறது. மாமரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்ட பையனின் கதையை வீட்டார் பல ஆண்டுகள் சொல்லிச் சொல்லிப் பூரிப்பர், அதே கிளையில் ஏறிய அவன் தங்கையையோ, “பொம்பளைப் பிள்ளைக்கு மரத்துல என்னடி வேலை?” என்று அதட்டி இறக்கி, முகத்தில் தழும்பு விழுந்தால் யார் கட்டிக்கொள்வார் என்று விசனப்படுவர். மலையேறுவதைப் பக்தியாகவே போற்றிய நம் நாட்டிலும், வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளைக் கடப்பது பருவமெய்திய பெண்ணுக்கு வழக்கத்தால் விலக்கப்பட்டு வந்திருக்கிறது. எனினும், பெற்றோரின் அச்சம் முழுவதையும் அறியாமை என்று ஒதுக்க நான் உடன்படேன்: 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்ற 23 பேரைப் பலிகொண்டது, மாண்டவருள் பெண்கள் பலர். அச்செய்தியை மறவாத தாயை யார் குறை கூற முடியும்?

பாறையேற்றம் நம்மிடையே எடுத்துள்ள உருவமே எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுகிறது. கல்லின் வெடிப்பைக் கண்ணால் அளந்து, கீழே கயிறு பிடிப்பவரிடம் உயிரை ஒப்படைத்து, பயத்தோடு பழகி, அடுத்த அடியைத் தானே தீர்மானிப்பதில்தான் பாறையேற்றத்தின் மேன்மை இருக்கிறது. கீழ்ப்படிதலே குணம் என்று போதிக்கப்பட்டு வளர்ந்த பெண்ணுக்கு இதனினும் சிறந்த கல்வியை நான் அறியேன். விநாடிக் கணக்கும் கட்டிய கண்களும் அக்கல்வியைத் தாரா. அவை கைதட்டலைப் பெறுமேயன்றிப் பின்பற்றுவோரைப் பெறா. இதை முத்தமிழ்செல்வியின் பிழையாகக் கூறேன். நேபாள அரசுக்குரிய அனுமதிக் கட்டணமே 11,000 டாலராக இருந்த மலைக்கு, அரசும் கொடையாளரும் கைகொடுத்த பின்னரே அவராலும் புறப்பட முடிந்தது.

எவரெஸ்டை 1975-இல் முதன்முதலாக அடைந்த பெண்ணாகிய ஜப்பானியர் ஜுன்கோ தபேயும் அவர் தோழியரும், பணம் போதாமல், கழித்துப்போட்ட கார் இருக்கைகளைக் கொண்டே மேல்கையுறைகள் தைத்துக்கொண்டனர். ஆயினும் 1969-இல் அவர் தோற்றுவித்த பெண்கள் மலையேற்றச் சங்கம் அவருக்குப் பக்கபலமாக நின்றது. 1984-இல், அதே மே 23 அன்று, உச்சியை அடைந்த முதல் இந்தியப் பெண்ணாகிய பச்சேந்திரி பால், டாடா ஸ்டீல் சாகச அறக்கட்டளையின் தலைமையில் அமர்ந்து, பின்வந்த பெண்கள் பலரைப் பயிற்றினார். தனி ஒருத்தியின் பிரயத்தனம் பலருக்குப் பாதையானது, இத்தகைய சங்கமும் ஸ்தாபனமும் உடனிருந்ததால்தான்.

அத்தகைய தொடக்கத்துக்கு இங்கும் இடம் உண்டு. அதே ஆலைப் பகுதியைச் சேர்ந்த வல்லம் வடகாலில், பெண் தொழிலாளரை முதன்மையாகக் கருதி, 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் ஒரு சுவரில் ஏறுவதற்குப் பிடிகளைப் பதித்து, பெண் பயிற்றுநர் ஒருவரை அமர்த்தி, விரும்பும் பெண்களுக்குச் சம்பளத்தோடு அரைநாள் விடுப்பும் விபத்துக் காப்பீடும் அளிக்குமாறு, அவ்விடுதியை அமைத்த அரசு நிறுவனமாகிய சிப்காட்டையும் ஆலை நிர்வாகங்களையும் வேண்டிக்கொள்கிறேன். மலைப்பட்டுக் குன்றுக்கு அவர்களை அழைத்துச் செல்ல, ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ்களே போதும்.